காலை ஏழு மணி வணக்கம்

என் அன்பு மகள் ஜெரூஷாவுக்கு, படப்பையிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரை நான் சௌக்கியம். சர்க்கரை அடங்கி இருக்கிறது, பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன், இடது முழங்கால் மட்டும்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. முப்பத்துநாலு வருஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அடக்கினவளுக்கு ஒரு முழங்காலை அடக்கத் தெரியவில்லை பார். நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஜோனத்தானும் அந்த அடிலெய்டு குளிரில் சளி இருமல் இல்லாமல் சுகமாய் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். நீ அனுப்பின பார்சல் வந்து சேர்ந்தது. ஆடி மாசத்தில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாலே புடவை நனைகிற ஊரில் இருக்கிற அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை அனுப்புகிற ஒரே மகள் நீதான். ஒரு மத்தியானம் போட்டுப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, பீரோவில் வைத்திருக்கிறேன், டிசம்பரில் பார்க்கலாம். லோகநாயகி அக்கா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததைப் போனில் சொன்னேன், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததையும் சொன்னேன், மீதியைச் சொல்லவில்லை. நீ அப்புறம்மா, அப்புறம்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் பேச்சைத் தக்காளி விலைக்கு மாற்றிவிட்டேன். அதனால்தான் இப்போது பேனாவை எடுத்தேன். டூட்டிக்குப் போகிற அவசரத்தில் இதைப் படிக்காதே, வந்த பிறகு உட்கார்ந்து படி.

நம் சர்ச் தெருவை நீ பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரகடம் கம்பெனிகள் வந்த பிறகு படப்பை பெருத்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள், மெயின் ரோட்டில் நின்றால் அப்படித்தான் தெரியும், பஸ்ஸும் லாரியுமாய் கால் வைக்க இடமில்லை. தெருவுக்குள்ளே வந்தால் வேறு கதை. இருபத்துமூன்று வீட்டில் பதினாலு வீட்டில் என்னைப் போல அறுபத்தைந்து தாண்டினவர்கள்தான், இரண்டு மூன்று வீட்டில் ஜோடியாக, மற்ற வீடுகளில் தனியாக. பிள்ளைகள் எல்லாம் துபாய், டல்லாஸ், பெங்களூர், அடிலெய்டு. மாடிகளில் கம்பெனிக்கு ஷிப்ட் போகிற ஒடிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும் வாடகைக்கு இருக்கிறார்கள், இருபது இருபத்தைந்து வயசுதான் இருக்கும். கீழே எழுபது, மேலே இருபது, நடுவில் யாருமே இல்லை. நீ காம்பஸ் பாக்ஸ் வாங்கின ஸ்டேஷனரி கடை இப்போது மருந்துக் கடை, பள்ளிக்கூடப் பை தொங்கின இடத்தில் நாலு வாக்கர் தொங்குகிறது. நம் சர்ச்சில் போன வருஷம் ஞானஸ்நானம் ஒன்று, அடக்க ஆராதனை ஒன்பது, ஆயருக்கே தொண்டை கட்டிக்கொண்டது. தெருக்கோடிப் பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள், அதில் பதின்மூன்று பேர் வடக்கேயிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள். புதன்கிழமைகளில் நான் போய்க் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், பதினாறாம் வாய்ப்பாட்டைத் தமிழில் தடுமாறாமல் ஒப்பிக்கிறார்கள். அவர்கள் இருப்பதால்தான் பள்ளியை இன்னும் பூட்டவில்லை, நன்றாக இருக்கட்டும்.

எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றி உனக்குத் தெரியும், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஒழுங்காக வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடைசி வீட்டு ரிட்டயர்டு கம்பவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார், ஒன்றரை நாள் யாருக்கும் தெரியாது, தம்பி வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு நம் வலது பக்கத்து வீட்டுத் துரைராஜ் அண்ணன்தான் குரூப்பை ஆரம்பித்தார். செத்தா சூடு ஆறுறதுக்குள்ள தெரியணும் டீச்சர், நாறினப்புறம் தெரிஞ்சா அசிங்கம் என்று அவர் பாணியில் சொன்னார். சட்டம் ஒன்றே ஒன்று. காலை ஏழு மணிக்குள் பதினாலு வீட்டுக்காரர்களும் ஒரு வணக்கம் போட வேண்டும், ஏழரை வரை வராவிட்டால் அந்த வீட்டுக்குப் பொறுப்பான பக்கத்து வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். துரைராஜ் அண்ணன் எனக்குப் பொறுப்பு, நான் இடது பக்கத்து லோகநாயகி அக்காவுக்குப் பொறுப்பு. அண்ணன் நாலே காலுக்கே தாமரைப் படம் போட்டுவிடுவார், தூக்கம் வராத மனுஷன். அக்கா செவ்வாய்க்கிழமை முருகன், வெள்ளிக்கிழமை அம்மன், மற்ற நாளில் ரோஜாப்பூ. நான் ஒரு வேத வசனம். விளையாட்டாய்த் தெரிந்தாலும் போன வருஷம் சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்த ஒருவரை அந்தத் தட்டல்தான் காப்பாற்றியது.

பிப்ரவரியில் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது நீ லீவு கிடைக்காமல் அழுதாய், நினைவிருக்கிறதா. கண்ணை உறுத்தாதேம்மா, போனைத் தொடாதே, வணக்கத்தை நான் போடுகிறேன் என்றாய். நீ சொன்ன எழுத்துகளையும் நம்பர்களையும் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி என் போனில் அடித்தாள், என் வாட்ஸ்அப் உன் கம்ப்யூட்டரிலும் திறந்துகொண்டது. இங்கே ஏழு அடிக்கும்போது உனக்கு அங்கே டீ குடிக்கிற நேரம், டாண் என்று வசனம் வந்து விழும். ஒரு மாசத்தில் எனக்குக் கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது, ஆனால் நீயும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. எழுந்ததும் போனைத் தேடி, கண்ணாடியைத் தேடி அல்லாடுகிற பேஜார் விட்டது என்று இருந்துவிட்டேன். உள்ளதைச் சொன்னால் நீ போடுகிற வசனம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது, ஆயரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பாராட்டினார்கள், நானும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். ஆனால் வாயை மூடியிருக்க வேண்டிய வேறொரு இடத்தில் திறந்துவிட்டேன். கண்ணில் கட்டு இருந்தப்பகூட உன் வணக்கம் எப்படி டீச்சர் வந்துது என்று லோகநாயகி அக்கா ஒரு சாயங்காலம் கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பெண் அங்கிருந்தே போடுகிறாள் அக்கா என்று சொன்னதோடு நிறுத்தினேனா, எப்படிச் செய்வது என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு எழுதியும் கொடுத்தேன். டீச்சர் புத்தி. கொடுத்ததோடு மறந்தும் போனேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போனைப் பார்த்தேன். அக்காவிடமிருந்து வணக்கம் வந்திருந்தது, அம்மன் படம். செவ்வாய்க்கிழமை முருகன்தானே வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது ஜெரூ, தோன்றாமல் இல்லை. அதற்கு முன் இரண்டு மாசமாகவே அப்படிக் கிழமை மாறி மாறித்தான் வந்துகொண்டிருந்தது. அக்காவுக்குக் கிழமை மறக்கிறது, பாவம் வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன், ஏதோ எனக்கு வயசே ஆகாதது போல. எட்டு மணிக்கு வாசலில் நின்று கீரைக்காரியிடம் அரைமணி நேரம் வாயடித்தேன். அக்காவின் கேட்டில் மாட்டியிருந்த பையில் காலையில் போட்ட பால் பாக்கெட் அப்படியே இருந்திருக்கிறது, பத்தடி தூரம்தான், நான் திரும்பிப் பார்க்கவில்லை, போனில்தான் பார்த்துவிட்டேனே. மத்தியானம் மூன்றரை மணிக்குப் பூக்கார காமு வந்து, இன்னா டீச்சர், பக்கத்து வூட்டு அம்மா ஊருக்குப் பூட்டாங்களா, பால் பாக்கெட்டு அப்பிடியே கீது, ஊதிப்போயி கீது என்று கேட்டாள். பின்பக்கம் ஓடினோம். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பாசி பிடித்த தரையில் அக்கா கிடந்தாள். விடியற்காலை அஞ்சரைக்கு விழுந்தவள், பத்து மணி நேரம். உதடு வெடித்திருந்தது, ஒரு கன்னம் வெயிலில் கன்றிப்போயிருந்தது, என்னைப் பார்த்ததும் முதலில் புடவையைக் காலுக்கு இழுத்துவிடச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வந்தது, அந்தக் குறுகலான சந்தில் ஸ்ட்ரெச்சரைத் திருப்பித் தூக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். தெருவே கூடி நின்றது, அதில் யாரால் தூக்க முடியும் சொல். துரைராஜ் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார், வேண்டாம் சார், அப்புறம் உங்களையும் சேர்த்துத் தூக்கணும் என்று ஆம்புலன்ஸ்காரர் சொல்லிவிட்டார். அக்கா வீட்டு மாடியில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர்தான் இறங்கி வந்து பிடித்தார்கள். பிஜய், சுஷாந்த் என்று பெயர். ஏழு மாசமாக அங்கே இருக்கிறார்கள், பெயரை அன்றைக்குத்தான் கேட்டோம்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீவித்யா நியூஜெர்சியிலிருந்து வந்து இறங்கினாள். அக்காவுக்கு ஒரே பெண், உனக்கு இரண்டு வகுப்பு சீனியர், ரிப்பன் கட்டிக்கொண்டு உன்னை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துப் போவாளே, அவளுக்கு இப்போது காதோரம் நரை. அக்காவைச் சேர்த்திருந்த தாம்பரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதாள். இரண்டு மாசமாக அந்த வணக்கத்தைப் போட்டது அவள்தானாம். அவளுக்கு ராத்திரி ஒன்பதரை, சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்ததும் போனில் சேர்த்து வைத்திருந்த பத்து சாமிப் படத்தில் ஒன்றை வரிசையாகப் போட்டுவிட்டுப் படுப்பாளாம், கிழமையைப் பார்ப்பதில்லை. அம்மா விழுந்து கிடக்கும்போது அம்மா நல்லா இருக்கான்னு நானே ஊருக்குச் சொல்லியிருக்கேன் ஆன்ட்டி என்று தலையில் அடித்துக்கொண்டாள். யார் இந்த வழியைச் சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை, அம்மா கேட்டாள், செய்தேன் என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன், காலண்டர் தாளைப் பற்றிச் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் துரைராஜ் அண்ணன் தன் வீட்டு கார் ஷெட்டில் எல்லோரையும் கூட்டினார். அக்காவைத் தவிர பதின்மூன்று வீட்டுக்காரர்களும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். ஸ்ரீவித்யா மேல் ஒரு குத்தமும் இல்ல, ஆனா இன்னும் யாருக்கெல்லாம் வெளியூரிலிருந்து புள்ளைங்க வணக்கம் போடுது, மறைக்காம கையத் தூக்குங்க என்று கேட்டார். முதலில் டல்லாஸ்காரரின் அம்மா கை தூக்கினாள். அப்புறம் இன்னொன்று, இன்னொன்று, மெதுவாக நாலு கை. ஒருவர் பாதி தூக்கிவிட்டு அந்தக் கையால் காதைச் சொறிந்துகொண்டார். என் கை மடியிலேயே கிடந்தது ஜெரூ. பதில் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்று வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை அதட்டினவள் நான். துரைராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன். வெட்கக்கேடு. அன்று ஜெபம் பண்ணக்கூட வாய் வரவில்லை.

திங்கட்கிழமை பொழுது விடிந்ததும் முதல் பஸ்ஸில் தாம்பரம் போனேன். அக்கா தலையணையில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், ஸ்ரீவித்யா ஊட்டிக்கொண்டிருந்தாள். உட்காராமலே சொன்னேன். அந்தக் காலண்டர் தாளை எழுதிக் கொடுத்தவள் நான், எனக்கே என் மகள்தான் பிப்ரவரியிலிருந்து போடுகிறாள், படம் மாறி வந்ததையும் பார்த்தேன், தட்ட வேண்டியவள் தட்டவில்லை, உன் பெண் மேல் இருக்கிற பழி என்னுடையது என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அக்கா இட்லியை மென்று விழுங்கிவிட்டு, நீ சொன்னே, கேட்டது நானு, வழுக்கி வுழுந்தது என் காலு, இதுல நீ இன்னாத்துக்குப் பங்கு கேக்கற என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் குடித்தாள், பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள், அவள் வாயால் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கம்பெனி பஸ்ஸு போற சத்தம் கேட்டுது. சரி, மணி ஏழு ஆவப்போவுது, இன்னும் கொஞ்ச நேரத்துல டீச்சர் வந்து கதவ இடிக்கும், அதுவரைக்கும் பல்லக் கடிச்சிகினு கெடப்போம்னு கெடந்தேன். வெயிலு மேல ஏறிச்சி. கீரைக்காரிகிட்ட நீ பேசினதுகூட கேட்டுது, கத்தினேன், தண்ணி மோட்டார் ஓடிகினு இருந்துது. அப்பறந்தான் நெனப்பு வந்துது, ஐயய்யோ, என் வணக்கம் போயிருக்குமேன்னு." அவ்வளவுதான் சொன்னாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஸ்ரீவித்யா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள், இத்தனை நாளும் தான் ஒருத்திதான் என்று நினைத்து நெஞ்சு வெடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். ரெண்டு பேரும் வெளிய போயி அழுங்க, நர்ஸ் ஊசி போட வருது என்று அக்கா விரட்டிவிட்டாள்.

அன்றைக்கே துரைராஜ் அண்ணன் வீட்டுப் படியேறி என் கையும் ஒன்று உண்டு அண்ணா என்றேன். அவர் பேப்பரை மடிக்காமலே, தெரியும் டீச்சர், கண்ணு கட்டிகினு கீறப்ப வசனம் டைமுக்கு வந்துதே, நான் இன்னா கேனையனா, அதான் அப்பத்திலேர்ந்து தினம் காலைல சுவத்து மேல எட்டி உன்னைப் பாத்துட்டுத்தான் காபி குடிக்கறேன் என்றார். இந்த மனுஷன் தினமும் சுவருக்கு மேல் தலையை நீட்டுவது என் முருங்கையில் காய் எண்ணத்தான் என்று நான் காமுவிடம் எத்தனை முறை திட்டியிருப்பேன் தெரியுமா. மறுநாள் ஒரு முறம் காய் பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கும் எழுபத்தாறு ஆகிறது, முட்டி தேய்ந்துவிட்டது, எட்டிப் பார்க்க ஒரு முக்காலி மேல் ஏறி நிற்கிறாராம், அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தேன். அக்காவை நேற்று கூடுவாஞ்சேரியில் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறார்கள், மூன்று மாசம் வாக்கர் பிடித்து நடக்கப் பழக வேண்டும். ஸ்ரீவித்யா அடுத்த வாரம் கிளம்புகிறாள், அம்மா அங்கேயே இருந்துவிட்டால் நல்லது என்பது அவள் எண்ணம். அக்கா வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். சனிக்கிழமைதோறும் தாம்பரம் போய் எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.

கண்ணு, இதைப் படித்துவிட்டு உன்னை நீயே நொந்துகொள்ளாதே. நீ செய்தது பாசத்தினால், அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் காலையில் எப்படி என்று ஒரு முறை கேட்டேன், இருபத்திரண்டு கட்டிலுக்கும் போய், கையைத் தொட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் அடுத்த கட்டிலுக்குப் போவோம் என்றாய். முன்பின் தெரியாதவர்களுக்கு என் மகள் அப்படிச் செய்கிறாள் என்று எனக்குப் பெருமை, ஏக்கமும்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அங்கே வந்துவிடு என்று நீ கூப்பிடுகிறாய், கால் நடக்கிற வரை இந்தத் தெருவில் இருக்கிறேன், புதன்கிழமைப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். இப்போதைக்கு ஒன்று மட்டும் செய். என் வாட்ஸ்அப்பை உன் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடு. இங்கிருந்தே எடுக்கலாம் என்று பிஜய் காட்டினான், நான்தான் எடுக்கவில்லை, சொல்லாமல் எடுத்தால் அம்மா கோபித்துக்கொண்டாள் என்று நீ பதறுவாய். உன் கையாலேயே எடு.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ஜோனத்தானிடம் வீட்டுக்குள்ளே தமிழில் பேசு, போனில் நான் கேட்பதற்கு அவன் தலையை மட்டும் ஆட்டுகிறான். காலையில் வெறும் டீயோடு ஓடாதே, இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போ. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஒன்றாம் தேதியிலிருந்து நானே போடுகிறேன், வசனம் என் மகள் போடுவதைப் போல நன்றாக இருக்காது, சில நாள் ஏழு ஐந்து ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று குரூப்பில் சொல்லிவிட்டேன். என்றைக்காவது ஒரு நாள் ஏழரை ஆகியும் அம்மாவிடமிருந்து வரவில்லை என்றால், மனசு கேட்காமல் எனக்குப் பதிலாக நீ போட்டுவிடாதே. வராமலே இருக்கட்டும் கண்ணு. யாராவது வந்து கதவைத் தட்டட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
யூனிஸ் தேவானந்தம்